அருணோதயம்: ஒரு பாப்திஸ்து இதழும் ஒரு மொழியின் வழக்கும்



இந்தப் பொதுச்சொற்பொழிவு வரிசையில் தமிழ் இதழியல் பற்றிப் பலர் பேசியிருக்கின்றனர். நான் இன்று தமிழ் இதழ் ஒன்றைப் பற்றிப் பேச வரவில்லை. இந்தியாவின் வடகிழக்கு மூலையில், பிரம்மபுத்திரா ஆற்றுப் பள்ளத்தாக்கில், சிவசாகர் என்னும் சிற்றூரில் 1846-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தோன்றிய ஒரு மாத இதழைப் பற்றிப் பேசப் போகிறேன். அசாமிய மொழியில் வெளிவந்த முதல் செய்தி இதழ் அது. நடத்தியவர்கள் அமெரிக்க பாப்திஸ்து சபையின் சமயப் பணியாளர்கள். அவர்கள் அதனைத் தொடங்கியது தங்கள் சமயத்தைப் பரப்புவதற்காக. ஆனால் அசாமியர் அந்த இதழை இன்றும் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. தங்கள் மொழிக்கு அரசு அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் இடமில்லாதிருந்த காலத்தில், மாதந்தோறும் அந்த மொழியில் அச்சேறி வந்த தாள் அது. மொழியியல் கற்பித்தவன் என்ற முறையில், சமயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்த மொழிக் கதையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நாமும் பிறமொழிகள் சூழ வாழ்பவர்கள். நம் மொழி வகுப்பறையிலும் அலுவலகத்திலும் எவ்வளவு இடம் பெறும் என்பதை அடிக்கடி எண்ணிப் பார்ப்பவர்கள். ஆகவே இக்கதை நமக்கு அயலானதன்று.

முதலில் சூழலைச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் அசாமை ஆண்ட ஆகோம் அரசு பர்மியப் படையெடுப்புகளால் நிலைகுலைந்தது. 1826-இல் யாண்டபு உடன்படிக்கையின்படி அசாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனிக்கு அது வங்காள மாகாணத்தின் ஒரு நீட்சி. பத்து ஆண்டுகள் கழித்து, 1836-இல், அசாமின் நீதிமன்றங்களுக்கும் பள்ளிகளுக்கும் உரிய மொழியாக வங்கமொழி வைக்கப்பட்டது. இதனை வங்காளி எழுத்தர்கள் செய்த சூழ்ச்சி என்று சொல்லும் வழக்கம் அசாமில் நெடுங்காலம் இருந்தது. நான் அதனை அப்படியே ஏற்பதில்லை. முடிவெடுத்தவர்கள் ஆங்கில அதிகாரிகள். வங்கமொழியில் எழுதத் தெரிந்த பணியாளர்கள் கல்கத்தாவிலிருந்து எளிதில் கிடைத்தனர். பாடநூல்களும் சட்டப் படிவங்களும் வங்கமொழியில் அணியமாக இருந்தன. ஆட்சி செய்வோருக்கு எது கைக்கு எளிதோ அதுவே மொழிக்கொள்கையாகிவிடும். இதற்கு உலகெங்கும் சான்றுகள் உண்டு. அந்த வசதிக்குப் பிறகுதான் காரணம் தேடப்படும். தேடிக் கண்ட காரணம் இதுதான்: அசாமியம் தனிமொழி அன்று, வங்கமொழியின் கொச்சை வடிவம்.

அதே 1836-ஆம் ஆண்டின் மார்ச்சுத் திங்களில்தான் நேத்தன் பிரவுன், ஆலிவர் கட்டர் என்னும் இரு அமெரிக்கர் குடும்பத்துடன் அசாமின் கீழ்க்கோடியிலுள்ள சதியாவில் வந்திறங்கினர். கல்கத்தாவிலிருந்து ஆற்றுவழியாகப் படகில் வர அவர்களுக்கு ஏறத்தாழ நான்கு மாதம் ஆயிற்று. பிரவுன் மொழிப்புலமை மிக்கவர். கட்டர் அச்சுத்தொழில் அறிந்தவர். படகில் ஓர் அச்சுப்பொறியும் வந்தது. உண்மையில் அவர்கள் அசாமியருக்காக வரவில்லை. சதியா வழியாக ஷான் இன மக்களை அடைந்து, அங்கிருந்து சீனாவுக்குள் புகுவதே எண்ணம். வரைபடத்தில் அருகில் தெரிந்த சீனா, மலைகளுக்கும் காடுகளுக்கும் அப்பால் எட்டாத் தொலைவில் இருந்தது. 1839 சனவரியில் கம்தி இனத்தவர் சதியாவைத் தாக்கிய பின்னர், பணியாளர்கள் ஜய்பூருக்கும், அங்கிருந்து பின்னர் சிவசாகருக்கும் இடம்பெயர்ந்தனர். சிவசாகர் பழைய ஆகோம் அரசின் தலைநகர்ப் பகுதி. அரண்மனைகளும் பெரிய குளங்களும் நிறைந்த ஊர். வரலாற்றேடுகளைக் காத்துவந்த குடும்பங்களும் அங்கே இருந்தன. சீனாவைத் தேடி வந்தவர்கள் அசாமிய மொழியின் நடுவில் வந்து சேர்ந்தனர்.

பாப்திஸ்து சபையினருக்கு இந்தியாவில் அச்சுத்தொழில் புதிதன்று. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சீராம்பூரில் வில்லியம் கேரியும் அவருடைய தோழர்களும் 1818-இல் ‘சமாசார் தர்ப்பண்’ என்னும் வங்கமொழி இதழைத் தொடங்கியிருந்தனர். அசாமியத்தில் விவிலியத்தை முதலில் அச்சிட்டதும் சீராம்பூர்தான். ஆத்மாராம் சர்மா என்னும் அசாமியப் பண்டிதர் அம்மொழிபெயர்ப்பில் உழைத்தார். ஆனால் அதன் நடை வங்கமொழிச் சாயல் மிகுந்தது. பிரவுன் அதனைத் திருத்துவதை விடப் புதிதாகச் செய்வதே நன்று என்று கருதி, 1848-இல் புதிய ஏற்பாட்டைத் தாமே மொழிபெயர்த்து வெளியிட்டார். அதே ஆண்டில் அசாமிய மொழியின் இலக்கணக் குறிப்புகளையும் நூலாக்கினார். மக்கள் பேசும் மொழியிலேயே எழுத வேண்டும் என்ற உறுதி அவரிடம் இருந்தது. அந்த உறுதிதான் இதழின் பெயரிலேயே வெளிப்பட்டது.

அந்தப் பெயரைச் சற்று விளக்க வேண்டும். வடமொழியில் ‘அருணோதய’ என்றால் விடியல். நமக்கும் ‘அருணோதயம்’ தெரிந்த சொல்தான். அசாமியர் அச்சொல்லை ஒலிக்கும்போது முதல் அகரம் ஒகரச் சாயல் பெறும். ணகரத்திற்கும் னகரத்திற்கும் வேறுபாடு கிடையாது. இறுதியில் இகரம் ஒலிக்கும். ஏறத்தாழ ‘ஒருனோதோய்’ என்று கேட்கும். பிரவுனும் அவருடைய தோழர்களும் இதழின் பெயரை வடமொழி எழுத்துமுறைப்படி அச்சிடவில்லை. ணகரத்திற்கு மாறாக னகரத்தையும், இறுதி யகரத்திற்கு மாறாக இகரத்தையும் இட்டு, ஒலிக்கிறபடியே அச்சிட்டனர். வடமொழி கற்ற ஒருவர் முகப்பைப் பார்த்தவுடனே இது பிழை என்று சொல்லியிருப்பார். எழுதப்படிக்க மட்டும் தெரிந்த உழவர் ஒருவருக்கு அது தம் வாய்ச்சொல். இந்த இரு பார்வைகளுக்கும் இடையிலான பூசல்தான் பின்னால் அவ்விதழின் வரலாறாக விரிந்தது.

இதழின் முகப்பில் சமயம், அறிவியல், பொதுச்செய்தி ஆகியவற்றுக்கு உரிய மாத இதழ் என்று ஆங்கிலத்தில் குறிக்கப்பட்டிருந்தது. உள்ளே என்ன இருந்தது? சமயக் கட்டுரைகள் இருந்தன. பனியனின் ‘மோட்சப் பயணம்’ அசாமிய மொழியில் தொடராக வந்தது. அவற்றோடு கோள்கள், புவியியல், நீராவிப்பொறி பற்றிய விளக்கங்கள். பிற நாட்டுப் போர்ச்செய்திகள். ஆகோம் அரசர்களின் வரலாற்றேடுகளிலிருந்து எடுத்த பகுதிகள். அபின் பழக்கத்தைக் கண்டிக்கும் கட்டுரைகள் எல்லாம் வந்தன. மரச்செதுக்குப் படங்களும் இடம்பெற்றன. யானையையும் கப்பலையும் தொலைநாட்டு நகரத்தையும் படமாகக் கண்ட வாசகருக்கு அது எத்தகைய வியப்பாக இருந்திருக்கும் என்பதை இன்றைய மாணவர்கள் கற்பனை செய்து பார்க்கலாம்.

இந்த இடத்தில் நமக்கு நெருங்கிய ஓர் இணையையும் சொல்லியாக வேண்டும். இதே காலத்தில், ஐந்து ஆண்டுகள் முன்னதாக, 1841-இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க இலங்கை மிஷன் ‘உதயதாரகை’யைத் தொடங்கியது. அவர்கள் பாப்திஸ்து சபையினர் அல்லர். ஆனால் நாடு ஒன்று, நோக்கம் ஒன்று, காலம் ஒன்று. பெயரும்கூட விடியலைச் சுற்றியே அமைந்தது. ஓரிடத்தில் விடிவெள்ளி, மற்றோரிடத்தில் விடியல். ஆயினும் ஒரு வேறுபாடு மிகப் பெரியது. யாழ்ப்பாணத்தில் மிஷனரிகள் வந்தபோது தமிழ் தனிமொழியா என்று கேட்டவர் எவரும் இல்லை. புலவர் மரபும் திண்ணைப் பள்ளியும் இலக்கண நூல்களும் உறுதியாக இருந்தன. ஆறுமுக நாவலர் தமக்கென அச்சகம் நிறுவி எதிர்த்து நின்றபோது, போட்டி சமயத்தைப் பற்றியது. மொழியின் இருப்பைப் பற்றியதன்று. சிவசாகரில் நிலைமை வேறு. அங்கே இதழ் எந்த மொழியில் வெளிவந்ததோ, அந்த மொழி உண்டா இல்லையா என்பதே வழக்கு. அசாமிலும் பின்னர் நாவலரை நினைவூட்டும் ஒரு முயற்சி தோன்றியது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாஜுலி ஆற்றுத்தீவிலுள்ள அவுனியாட்டி வைணவ மடம் 1871-இல் தன் சொந்த அச்சகத்தில் ‘அசாம் விலாசினி’ என்னும் இதழைத் தொடங்கிற்று.

இனி வழக்குக்கு வருவோம். இவ்வழக்கில் அமெரிக்கர்கள் எழுதியதை விட முதன்மையானது ஓர் அசாமிய இளைஞர் எழுதியது. ஆனந்தராம் டேகியால் புகன் 1829-இல் பிறந்தார். கல்கத்தாவில் கல்வி கற்று அரசுப் பணியில் சேர்ந்தவர். ‘ஒருனோதோய்’ தொடங்கிய மறு ஆண்டிலேயே, பதினெட்டு வயதை எட்டும் பருவத்தில், இங்கிலாந்து நாட்டைப் பற்றி அவ்விதழில் எழுதினார். இருபது வயதில் சிறுவர்களுக்கான பாடநூல் ஒன்றை வெளியிட்டார். 1853-இல் அரசின் ஆய்வுக்காக வந்த மில்ஸ் என்னும் நீதிபதியிடம் அசாமின் நிலை பற்றி விரிவான விண்ணப்பம் தந்தார். அயல்மொழியில் பாடம் கற்கும் சிறுவர்கள் முன்னேற முடியாதிருப்பதை அதில் எடுத்துக்காட்டினார். 1855-இல் ‘நாட்டான் ஒருவன்’ என்னும் புனைபெயரில் அசாமிய மொழியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். அது சிவசாகர் மிஷன் அச்சகத்திலேயே அச்சாயிற்று. அசாமியத்தில் நூல்களே இல்லை என்று கூறியவர்களுக்கு விடையாக, அம்மொழியிலுள்ள நூல்களின் பட்டியலையும் அதில் இணைத்தார். நான்கே ஆண்டுகளில், முப்பது வயதை எட்டுமுன், அவர் மறைந்தார்.

எதிர்த்தரப்பில் நின்றவர்களில் ஒருவர் வில்லியம் ராபின்சன். பள்ளிகளின் ஆய்வாளர். வேடிக்கை என்னவென்றால், 1839-இல் அசாமிய மொழிக்கு இலக்கணம் எழுதிச் சீராம்பூரில் அச்சிட்டவரும் அவரே. இலக்கணம் எழுதத் தகுந்த மொழி என்று கண்டவர், பள்ளியில் கற்பிக்கத் தகுந்த மொழி என்று ஒப்பவில்லை. இரண்டு மொழிகளுக்கும் பொதுவான சொற்கள் மிகுதி; ஆகவே இரண்டும் ஒன்றே என்பது இத்தரப்பின் வாதம்.

மாணவர்களே, இந்த வாதத்தை நீங்கள் உங்கள் மொழியியல் வகுப்பில் சோதித்துப் பார்க்கலாம். பொதுச்சொற்கள் மிகுந்திருப்பது மொழிகள் ஒன்று என்பதற்குச் சான்றாகாது. இரண்டும் வடமொழியிலிருந்து கடன் வாங்கியிருந்தால் அப்படித்தான் இருக்கும். இலக்கண அமைப்பைப் பார்க்க வேண்டும். வங்கமொழியில் எதிர்மறைச் சொல் வினைக்குப் பின்னால் வரும்: ‘கொரி நா’, செய்வதில்லை. அசாமியத்தில் அது வினைக்கு முன்னால் ஒட்டி நிற்கும்: ‘நொகொரு’. பன்மை விகுதிகள் வேறு. வடமொழியின் மூன்று சகர வகைகளும் அசாமியத்தில் பல சொற்களில் தொண்டையிலிருந்து உரசி எழும் ஓர் ஒலியாகிவிடும். நம் ஆய்தத்தை நினைவூட்டும் ஒலி அது. அசாமியர் தம் நாட்டின் பெயரையே ‘ஒஃகொம்’ என்பதுபோல ஒலிப்பர். வங்கமொழியில் இவ்வொலி இல்லை.

இன்னும் ஒரு சான்று. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அசாமியத்தில் உறவுப்பெயர்கள் யாருடைய உறவு என்பதற்கேற்ப வடிவம் மாறும். உன் தந்தை என்றால் ‘பாபேர்’. அவன் தந்தை என்றால் ‘பாபேக்’. உன் தாய் ‘மார்’. அவன் தாய் ‘மாக்’. வங்கமொழியில் இந்த அமைப்பு இல்லை. இதனைக் கேட்டவுடன் சங்க இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு எந்தை, நுந்தை, தந்தை நினைவுக்கு வரும். யாய், ஞாய், தாய் நினைவுக்கு வரும். தந்தை என்னும் சொல் முதலில் ‘அவன் தந்தை’யை மட்டுமே குறித்தது. இன்று நாம் ‘என் தந்தை’ என்கிறோம். பழைய வேறுபாட்டை மறந்துவிட்டோம். தமிழும் அசாமியமும் வெவ்வேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்தவை. இந்த ஒப்புமையைக் கொண்டு உறவு கொண்டாட வேண்டியதில்லை. ஒரு மொழியின் தனித்தன்மை எங்கே ஒளிந்திருக்கும் என்பதைக் காட்டவே சொன்னேன். கடன் வாங்கிய பெரிய சொற்களில் அது இருப்பதில்லை. வீட்டுக்குள் தாயையும் தந்தையையும் சுட்டும் முறையில் இருக்கும்.

இத்தகைய வாதங்கள் நூலில் இருந்தால் மட்டும் அரசு இறங்கிவந்திருக்குமா? இறங்கியிருக்காது என்பதே என் கருத்து. வாதம் ஒருமுறை படிக்கப்பட்டு அலமாரிக்குள் போய்விடும். மாதந்தோறும் வெளிவரும் இதழ் அப்படியன்று. கிரகணத்தைப் பற்றி இந்த மொழியில் எழுத முடியுமா என்று கேட்டவருக்கு, சென்ற மாதம் எழுதியதையே காட்டலாம். அதில் எழுதப் பழகிய இளைஞர்களே பின்னர் நூலாசிரியர்களாயினர். நிதி லீவாய் ஃபார்வெல், 1841-இல் முதன்முதலில் கிறித்தவரான அசாமியர், அதில் எழுதினார். குணாபிராம் பருவா கைம்பெண் மறுமணத்தைப் பற்றிய தம் நாடகத்தை அதில் வெளியிட்டார். இவர் கிறித்தவர் அல்லர். பின்னாளில் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். மிஷனின் இதழ் மிஷனின் எல்லையைக் கடந்து மக்களின் மேடையானது. மைல்ஸ் பிரான்சன் 1867-இல் ஏறத்தாழ பதினான்காயிரம் சொற்கள் கொண்ட அசாமிய ஆங்கில அகராதியை அதே அச்சகத்தில் வெளியிட்டார். 1873-இல் நீதிமன்றங்களிலும் தொடக்கநிலைப் பள்ளிகளிலும் அசாமியத்திற்கு மீண்டும் இடம் கிடைத்தது. உயர்கல்வி நிலைகளில் வங்கமொழியின் ஆட்சி அதன் பின்னரும் சில காலம் நீடித்தது. முப்பத்தேழு ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறைக்கும் மேல். அத்தனைக் காலமும் குழந்தைகள் பள்ளியில் தம் தாய்மொழியைக் காணாமலேயே படித்தனர்.

இதழைப் புகழும்போது அதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அது ஆட்சியாளர் பக்கம் நின்றே எழுதியது. நாட்டுச் சமயங்களைப் பற்றி அது எழுதியவற்றில் ஏளனம் மிகுந்த இடங்கள் உண்டு. மேலும், அசாமிய உரைநடையை மிஷனரிகளே படைத்தனர் என்று சிலர் எழுதுவது பிழை. பதினாறாம் நூற்றாண்டிலேயே பட்டதேவர் கீதையை உரைநடையில் ஆக்கினார். ஆகோம் அவையின் ‘புரஞ்சி’ என்னும் வரலாற்றேடுகள் நல்ல உரைநடையில் அமைந்தவை. வீரமாமுனிவர்தாம் தமிழுக்கு உரைநடை தந்தார் என்று கூறுபவர்களிடம் இறையனார் களவியல் உரையை நாம் காட்டுவதில்லையா? அதுபோலத்தான். அமெரிக்கர்கள் செய்தது, இருந்த உரைநடையை அச்சில் ஏற்றி, ஊரெல்லாம் படிக்கும் பொருள்களைப் பேசப் பழக்கியது. அதுவே போதுமான பெருமை.

இப்போது எழுத்துமுறைப் பூசலுக்கு வருகிறேன். என் மனத்தை மிகவும் ஈர்ப்பது இப்பகுதிதான்.

அசாமிய எழுத்துகள் வங்க எழுத்துகளை ஒத்தவை. வடமொழிக்குரிய எழுத்துகள் அனைத்தும் அங்கே உண்டு. ஆனால் பேச்சில் பல வேறுபாடுகள் மறைந்துவிட்டன. நெடில் ஈகாரமும் குறில் இகரமும் ஒன்று. ஊகாரமும் உகரமும் ஒன்று. நாமடி ஒலிகளும் பல்லொலிகளும் ஒன்று. பிரவுன் கேட்டது எளிய கேள்வி: ஒலியில் இல்லாத வேறுபாட்டை எழுத்தில் ஏன் சுமக்க வேண்டும்? இந்த எண்ணம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பன்று. ஜதுராம் டேகா பருவா என்னும் அசாமியர் 1839 அளவிலேயே ஓர் அகராதியைத் தொகுத்து, அதில் ஒலிப்புக்கு ஏற்ற எழுத்துமுறையைக் கையாண்டிருந்தார். பிரான்சன் தம் அகராதியில் அவருடைய முறையையே பின்பற்றினார். ஆகவே ‘மிஷனரி எழுத்துமுறை’ என்று பின்னர் இகழப்பட்ட முறைக்கு அசாமிய மூலம் ஒன்று உண்டு. இதனைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

எதிர்த்தவர் ஹேமச்சந்திர பருவா. 1835-இல் பிறந்தவர். சிவசாகர் மிஷனரிகளோடு பழகியவர், ‘ஒருனோதோ’யில் எழுதியவர், அபின் கொடுமையைச் சாடி 1861-இல் நாடகம் இயற்றியவர். சமய மூடநம்பிக்கைகளை எள்ளி நகையாடியதில் மிஷனரிகளுக்குச் சற்றும் குறைந்தவர் அல்லர். ஆகவே இவர் பழமைவாதி என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எழுத்துமுறையில் அவர் உறுதியாக நின்றார். வடமொழியிலிருந்து வந்த சொல்லை அதன் மூல எழுத்தோடு எழுத வேண்டும் என்றார். 1859-இல் இலக்கணம் எழுதினார். வாழ்நாள் உழைப்பாகிய ‘ஹேமகோஷ்’ என்னும் அகராதியை அச்சில் காணாமலே 1896-இல் மறைந்தார். அது 1900-இல் வெளிவந்தது. அதன்பின் எழுத்துமுறை பற்றிய வழக்கு முடிந்தது. இன்றைய அசாமியம் ‘ஹேமகோஷ்’ காட்டிய வழியில்தான் எழுதப்படுகிறது.

ஏன் இப்படி ஆயிற்று? பிரவுனின் முறை கற்பதற்கு எளிது. ஒலியியல் நோக்கில் பிழையற்றது. ஆனால் வங்கமொழியின் கொச்சை என்ற பழியைச் சுமந்த மொழிக்கு, வங்கமொழியை விட ‘எளிய’ எழுத்துமுறை கொடுத்தால் அப்பழி உறுதிப்படும் என்று கற்றவர்கள் அஞ்சினர். வடமொழி மூலத்தைக் காட்டும் எழுத்து, வங்கமொழிக்குச் சமமான குடிப்பிறப்பைக் காட்டும் சான்றிதழ் ஆயிற்று. மொழியியல் சரியானதைச் சொன்னது. சமூகம் வேறொன்றைத் தேர்ந்தது. என்னைப் போன்ற மொழியியலார் இத்தகைய முடிவுகளைக் கண்டு எரிச்சலடைவது உண்டு. எனினும் எழுத்துமுறை என்பது ஒலிப்பதிவுக் கருவி மட்டுமன்று. அதில் ஒரு மக்களின் மானமும் கலந்திருக்கிறது. நாமே எண்ணிப் பார்ப்போம். நம்மில் எத்தனை பேர் பேச்சில் ந, ன வேறுபாட்டை ஒலிக்கிறோம்? ஒலிக்காத அந்த வேறுபாட்டை மாணவர் தாளில் விட்டுவிட்டால் சிவப்பு மையால் வட்டமிடுகிறோம். 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்று, பின்னர் சிங்கப்பூரும் மலேசியாவும் ஏற்ற சீர்திருத்தம் எழுத்தின் வடிவத்தை மாற்றியது, எழுத்துக்கூட்டலைத் தொடவில்லை. தொட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இந்த அவையிலுள்ள ஆசிரியர்கள் நன்கறிவர்.

இந்தப் பூசலில் தோற்ற இதழே, தன்னைத் தோற்கடித்தவரை வளர்த்தது. ஹேமச்சந்திரர் எழுதிப் பழகிய இடங்களில் ஒன்று ‘ஒருனோதோய்’. மொழி உண்டு என்று நிறுவுவது முதல் வழக்கு. அதில் இதழும் அசாமியரும் ஒரே பக்கம் நின்றனர். மொழியை யார் நெறிப்படுத்துவது என்பது இரண்டாம் வழக்கு. அதில் மொழிக்குரியவர்கள் இதழின் கையிலிருந்து எழுதுகோலை வாங்கிக்கொண்டனர். முதல் வழக்கில் வென்றதன் இயல்பான விளைவுதான் இரண்டாம் வழக்கின் தோல்வி என்று நான் கருதுகிறேன். அயலவர் வகுத்த எழுத்துமுறையை மறுப்பின்றி ஏற்கும் மொழிச்சமூகம், தன் மொழியைத் தனதென்று இன்னும் உணராத சமூகமாகவே இருந்திருக்கும்.

மற்றொரு தேர்வில் இதழின் முத்திரை அழியாமல் நின்றது. பழைய அசாமியக் காப்பியங்கள் மேற்குப் பகுதியில் செழித்தவை. இதழோ கிழக்கிலுள்ள சிவசாகரில் அச்சானது. ஆதலால் சிவசாகர்ப் பேச்சே அச்சுமொழிக்கு அடிப்படையாயிற்று. யாரும் அவை கூட்டி முடிவு செய்யவில்லை. அச்சுப்பொறி எந்த ஊரில் நின்றதோ அந்த ஊரின் வழக்கு தரமொழியாயிற்று. மேற்கு அசாமியர்க்கு இதில் மனக்குறை உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு.

பிரவுன் 1855-இல் அசாமை விட்டுச் சென்றார். அமெரிக்காவில் அடிமை முறைக்கு எதிரான பாப்திஸ்து இதழ் ஒன்றை நடத்தினார். பின்னர், அறுபது வயதைக் கடந்த நிலையில், சப்பானுக்குப் போய், யோக்கோகாமாவில் தங்கி, 1879-இல் புதிய ஏற்பாட்டைச் சப்பானிய மொழியில் அச்சிட்டார். அதனைச் சீன எழுத்துகளில் அச்சிடவில்லை. எளிய மக்களும் பெண்களும் படிக்கக்கூடிய ஹிரகனா எழுத்திலேயே அச்சிட்டார். சிவசாகரில் பிடித்த கொள்கையை அவர் கைவிடவே இல்லை. 1886-இல் அந்நகரிலேயே மறைந்தார்.

இதழ் முப்பது ஆண்டுகளுக்கு மேல், இடையிடையே தொய்வுற்றும் தேறியும் நடந்து, 1880-ஐ ஒட்டி நின்றுபோனது. 1889-இல் கல்கத்தாவில் படித்துக்கொண்டிருந்த அசாமிய மாணவர்கள் ‘ஜோனாகி’ என்னும் இதழைத் தொடங்கினர். புதிய அசாமிய இலக்கியத்தின் காலம் அங்கிருந்து கணக்கிடப்படுகிறது. ‘ஒருனோதோ’யின் முதல் ஒன்பது ஆண்டு இதழ்களை மகேஸ்வர் நேயோக் என்னும் அறிஞர் திரட்ட, அசாம் பதிப்பு வாரியம் 1983-இல் நூலாக வெளியிட்டது. மொழி வரலாறு பயிலும் மாணவருக்கு அது ஒரு சுரங்கம். நம் ‘உதயதாரகை’யின் பழைய ஏடுகளையும் இப்படி முழுமையாகத் திரட்டி, எழுத்துக்கூட்டல் மாற்றாமல் பதிப்பித்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை பற்றி நாம் ஊகித்துச் சொல்லும் பலவற்றை எண்ணிச் சொல்ல முடியும். ஆய்வுப்பட்டத்திற்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, அந்தப் பெயருக்கே வருகிறேன். அசாம் அரசு 2020-இல் ஏழைக் குடும்பப் பெண்களுக்கு மாத உதவித்தொகை வழங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, அதற்கு இவ்விதழின் பெயரையே இட்டது. அசாமிய நாளேடுகள் அப்பெயரை அச்சிடும்போது நடுவில் ஹேமச்சந்திரர் வற்புறுத்திய ணகரத்தை இடுகின்றன. இறுதியில் யகரத்தை இடாமல், பிரவுன் இட்ட இகரத்தையே இடுகின்றன.